எதுல பதினேழு பர்சன்ட்? நீடாமங்கலம் பக்கத்துல ஒரு மாலை வகுப்பு, ஒரு வருஷத்து கணக்கு

துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்ல அப்ரண்டிஸ் எடுக்குறாங்கன்னு எங்க ஊர்லேர்ந்து ஐடிஐ ஃபிட்டர் முடிச்ச பசங்க கொஞ்ச பேர் போனாங்க. வெல்டிங் வரும், ஃபைலிங் வரும், ட்ராயிங் கூட ஓரளவு பாத்து புரிஞ்சிப்பாங்க, ஆனா எழுத்து தேர்வுலயே முக்காவாசி பேர் வெளில வந்துட்டாங்க. அப்படி என்னதான்டா கேட்டாங்கன்னா ட்ரிக்னாமெட்ரியும் இல்ல ஒண்ணும் இல்ல, 0.5, 0.15, 0.05 மூணுல எது பெருசு, 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுக்கு கூடக்கொறைய 0.05 வரைக்கும் ஓகேன்னா 25.4 வந்தா எடுத்துக்கலாமா தூக்கி போடணுமா, இந்த ரகம். ஒருத்தன் 0.15 தான் பெருசுன்னு போட்டுட்டு வந்திருக்கான், ஏன்டான்னா "பதினஞ்சு அஞ்ச விட பெருசு தானேக்கா"ங்கறான். இவன் பத்தாவதுல கணக்குல பாஸ், ஐடிஐல வெர்னியர் காலிபர் கையில புடிச்சு 0.02 மிமீ வரைக்கும் அளந்தவன். அளக்க தெரியுது, அளந்த நம்பர் என்ன சொல்லுதுன்னு தெரியல.

இத பாத்துட்டுதான் எங்க மாலை வகுப்பையே வேற மாதிரி மாத்துனோம். 2024 ஜூன்ல ஆரம்பிச்சு ஒரு பள்ளி வருஷம் முழுக்க என்ன பண்ணோம், எது வேலைக்கு ஆச்சு, எது ஆகலன்னு எழுதி வைக்கிறேன், வரிசையா இருக்காது, ஆனா முழுசா இருக்கும்.

ஊரும் பசங்களும்

வெண்ணாறு நீடாமங்கலத்துக்கிட்ட மூணாறு தலைப்புல மூணா பிரியுமில்ல, கோரையாறு, பாமணியாறு, மிச்சம் வெண்ணாறு, அதுல கோரையாத்து பக்கத்து ஊர். நான் பகல்ல ஒரு ரைஸ் மில்லுல கணக்கு எழுதுறேன், பிஎஸ்சி மேத்ஸ். கூட ஒரு அண்ணன் இருக்காரு, லைசென்ஸ் சர்வேயர். சாயந்திரம் ஆறரைக்கு மேல ஒரு பழைய சங்கக் கட்டடத்துல ஒக்காருவோம். எட்டாவது, ஒம்போதாவது, பத்தாவது பசங்கதான் அதிகம், கூட அந்த ஐடிஐ பசங்க, பிளஸ் டூ முடிச்சிட்டு குரூப் 4க்கு படிக்கிற ரெண்டு மூணு பொண்ணுங்க. பாதி வீட்ல சொந்தமா கொஞ்சம் நெலம், பாதி வீட்ல நடவு அறுப்புக் கூலி, சில பேருக்கு அப்பா சிங்கப்பூர்ல கட்டட வேலை.

வருங்கால வேலைன்னு சொன்னா எல்லாரும் உடனே கோடிங், ஏஐன்னு ஆரம்பிச்சிடுறாங்க. எங்க பக்கம் நெலமை கொஞ்சம் வேற. 2020ல டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாச்சு, புதுசா ஹைட்ரோகார்பன், ஸ்டீல் பிளான்ட் மாதிரி கனரக ஆலையெல்லாம் வராது, வரவும் வேணாம். தஞ்சாவூர்ல நியோ டைடல் பார்க் தொறந்திருக்காங்க, நல்லது, ஆனா அதுல எத்தன பேர் போயிட முடியும். எங்க பசங்க நெசமா போய் சேர்ற வேலைய பாத்தா நவீன அரிசி ஆலை, கொள்முதல் நிலையம், உரக்கடை, ட்ரோன் மருந்தடிப்பு, மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல், டேலி அக்கவுன்ட்ஸ், நில அளவை, திருச்சி பக்கம் ஃபிட்டர் வேலை, இல்லன்னா டிஎன்பிஎஸ்சி. இது ஒவ்வொண்ணுலயும் கணக்கு இருக்கு, அதுவும் ஆறாவது ஏழாவது கணக்குதான். குரூப் 4ல மொத்தம் 200 கேள்வி, அதுல 25 கணக்கும் புத்திக்கூர்மைக் கேள்வியும், அதுல வர்ற கணக்கு சதவீதம், விகிதம், வட்டி, பரப்பளவு, நேரமும் வேலையும்னு பள்ளிக்கூட புக்க தாண்டி போகாது.

ஓட்டை எங்க விழுந்துச்சு

மொத வாரம் ஒரு பேப்பர் கொடுத்தோம், இயற்கணிதம் ஒண்ணு கூட இல்லாம, வெறும் பின்னம், தசமம், சதவீதம், விகிதம், அலகு மாத்துறது. பத்தாவது பசங்க சிரிச்சாங்க, இது சின்ன புள்ள கணக்குன்னு. திருத்திப் பாத்தா எட்டாவதுக்கும் பத்தாவதுக்கும் பெரிய வித்தியாசமே தெரியல, ரெண்டும் ஒரே எடத்துலதான் வழுக்கிச்சு.

காரணம் ரெண்டு. ஒண்ணு கொரோனா. 2024-25ல பத்தாவது படிச்ச புள்ளைங்க 2020-21ல ஆறாவது. அந்த வருஷம் ஸ்கூலுக்கு போகவே இல்ல, ஏழாவதுலயும் 2021 நவம்பர் 1ம் தேதிதான் ஒன்னாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் கேட்ட தொறந்தாங்க. நம்ம பாடத்திட்டத்துல விகிதமும் பின்னமும் ஆறாவதுல வருது, சதவீதமும் தனிவட்டியும் ஏழாவது மூணாம் பருவத்துல வருது. சரியா எந்த பாடம் வேலைக்கு வேணுமோ அதே பாடத்துமேல பூட்டு விழுந்துச்சு. அப்பறம் இல்லம் தேடிக் கல்வி வந்துச்சு, எண்ணும் எழுத்தும் வந்துச்சு, எண்ணும் எழுத்தும் முக்கியமா சின்ன வகுப்புக்கு, இவங்க அதுக்குள்ள அந்த வயச தாண்டிட்டாங்க.

ரெண்டாவது காரணம் பத்தாவது பரீட்சையோட அமைப்பு. நூறு மார்க்ல வடிவியல் ஒண்ணு வரைபடம் ஒண்ணுன்னு எட்டும் எட்டும் பதினாறு, ஒரு மார்க் பதினாலு, ஆக முப்பது. வடிவொத்த முக்கோணமும் தொடுகோடும் கை பழகுற வரைக்கும் வரைஞ்சு, புக் பேக் ஒரு மார்க்க உருப்போட்டு, எப்பவும் வர்ற ரெண்டு மார்க்ல ஒரு மூணு நாலு பாத்து வெச்சுக்கிட்டா 35 தாண்டிடலாம். மினிமம் மெட்டீரியல்னு இதுக்கு தனியா நோட்டே சுத்துது. வாத்தியாருங்கள நான் குத்தம் சொல்லல, பாஸ் பர்சன்டேஜ் கேட்டு மேலேர்ந்து போன் வந்தா யாரா இருந்தாலும் இததான் பண்ணுவாங்க. ஆனா அதோட வெளைவு என்னன்னா ஒரு புள்ள தன் வாழ்க்கைல ஒரு சதவீதக் கணக்க கூட புரிஞ்சு போடாமயே கணக்குல பாஸ்னு சர்டிபிகேட் வாங்கிடுது, வாங்குன பிறகு வீட்லயும் யாரும் கேக்கப்போறதில்ல, மொத கேள்வி வேலைக்கு போற எடத்துலதான் வருது.

சிப்பக் கணக்கு

எங்க ஆரம்பிக்கறதுன்னு ரொம்ப யோசிக்கல, வீட்ல கெடக்குற டிபிசி (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) ரசீத கொண்டாங்கடான்னு சொல்லிட்டோம். 2024-25ல சன்ன ரகத்துக்கு மத்திய விலை 2320, மாநில ஊக்கத்தொகை 130, மொத்தம் குவிண்டாலுக்கு 2450. கொள்முதல் மூட்டையத்தான் சிப்பம்னு சொல்வோம், ஒரு சிப்பம் 40 கிலோ, அப்ப சிப்பத்துக்கு 980 ரூபா. இது வரைக்கும் எல்லாரும் போட்டாங்க, வீட்ல காதுல கேட்ட நம்பர்ங்கறதால பயமே இல்ல. பொது ரகம் 2405, சிப்பம் 962, அதையும் தானா போட்டாங்க.

அடுத்து ஈரப்பதம். கொள்முதல்ல 17 பர்சன்ட் வரைக்கும்தான் எடுப்பாங்க, மழை வருஷத்துல மத்திய குழு வந்து பாத்துட்டு தளர்த்துறது தனி கதை. கேள்வி இதான்: 20 பர்சன்ட் ஈரத்துல 1000 கிலோ நெல்லு, ரோட்ல கொட்டி காயவெச்சு 17க்கு கொண்டாந்தாச்சு, இப்ப எத்தன கிலோ இருக்கும்?

"970 அக்கா. இருபதுக்கும் பதினேழுக்கும் மூணு பர்சன்ட், ஆயிரத்துல மூணு பர்சன்ட் முப்பது." கிளாஸ் மொத்தமும் ஒரே குரல்ல.

"20 பர்சன்ட் எதுல?"

"ஆயிரத்துல."

"17 பர்சன்ட் எதுல?"

கொஞ்ச நேரம் யாரும் பேசல. ஒம்போதாவது படிக்கிற ஒரு பொண்ணுதான் சொல்லிச்சு, "காஞ்சப்பறம் இருக்குற எடையில. ஆனா அது எவ்ளோன்னுதானே நமக்கு தெரியாது?"

அந்த ஒரு கேள்விய வெச்சே அப்பறம் வருஷம் பூரா ஓட்டுனோம், எதுல? சரி, காயும்போது எது மாறாதுன்னு கேட்டேன். தண்ணிதான் போகும், நெல்லு அப்படியே இருக்கும்னு வந்துச்சு. 1000ல 200 கிலோ தண்ணி, 800 கிலோ நெல்லுப்பொருள். காஞ்ச பிறகு அதே 800 கிலோதான் மொத்தத்துல 83 பர்சன்ட், ஏன்னா 17 தண்ணி. 800ஐ 0.83ஆல வகுத்தா 963.9 கிலோ. 970 இல்ல, 964.

"ஆறு கிலோ தானேக்கா, இதுக்கா இவ்ளோ"ன்னான் ஒருத்தன். 100 டன்னுக்கு போடச் சொன்னேன். 97 டன்னுக்கு பதிலா 96.386 டன், வித்தியாசம் 614 கிலோ, சிப்பத்துல பதினஞ்சுக்கு மேல. மில்லுல இது தெரியாத ஆளு ஸ்டாக் ரெஜிஸ்டர் எழுதுனா பதினஞ்சு சிப்பம் குடோன்லேர்ந்து காணாம போயிருக்கும், பழி பாவம் வாட்ச்மேன் தலையில விழும். இத சொன்னப்பதான் பசங்களுக்கு உறைச்சுது, ஏன்னா கிளாஸ்ல ஒரு பையனோட அப்பா வாட்ச்மேன்.

அடுத்த நாள் அரவை. அரசுக்கு அரைச்சு கொடுக்குற மில்லுல புழுங்கல்னா 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி, பச்சரிசின்னா 67. ஒரு சிப்பத்துக்கு புழுங்கல் 27.2 கிலோ, இது நேர் கணக்கு, வந்துடுச்சு. திருப்பி கேட்டேன், ஒரு டன் அரிசி வேணும், எத்தன கிலோ நெல்லு அரைக்கணும்? 1320ன்னாங்க. 32 பர்சன்ட் போகுது, அத திருப்பி சேத்துட்டோம்னு விளக்கம் வேற. எதுல 32ன்னு கேட்டதும் ரெண்டு பேர் நாக்க கடிச்சாங்க. 1000ஐ 0.68ஆல வகுத்தா 1470 கிலோ சொச்சம். 1320 கிலோ நெல்லோட போய் நின்னா 900 கிலோ கூட தேறாது.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். ஃபார்முலா எழுதிப்போட்டு பாத்தோம், மூணே நாள்ல எத வகுக்கணும் எத பெருக்கணும்னு கொழம்பிட்டாங்க. படம் போட ஆரம்பிச்ச பிறகுதான் நின்னுச்சு. ஒரு நீளமான பட்டை, அதுல தண்ணி இவ்ளோ நெல்லு இவ்ளோ, அடியில இன்னொரு பட்டை, நெல்லு அதே நீளம், தண்ணி மட்டும் குட்டையா. சிங்கப்பூர் பள்ளிக்கூடங்கள்ல இப்படி பட்டை வரைஞ்சுதான் சின்ன வகுப்புலேர்ந்து சொல்லித்தர்றாங்க, 1980கள்லேர்ந்தே அவங்க முறை இதான். அப்பா அங்க செங்கல் அடுக்குறாரு, அந்த ஊர் புள்ளைங்க படிக்கிற முறை இங்க அவரு பையனுக்கு இப்பதான் வந்து சேருது, என்னத்த சொல்ல.

தாத்தா வந்த நாள்

பேரனை கூட்டிட்டு போக வர்ற ஒரு தாத்தா வாசல்ல ஒக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பாரு. நாலாவது வரைக்கும்தான் படிச்சவரு. ஒரு நாள் அவரே உள்ள வந்து, "ஏம்மா, நான் ஒண்ணு கேக்கட்டா"ன்னாரு. ஏழு மா நெலம் (ஒரு மா முப்பத்திமூணு சென்ட்), மாவுக்கு ஒம்போது மூட்டை, மூட்டை அறுவது கிலோ, சிப்பம் தொள்ளாயிரத்து எம்பது, என்ன கெடைக்கும்?

பசங்க பேனா எடுத்தாங்க, ஒருத்தன் செல்ல எடுத்தான். தாத்தா சொல்றாரு: "அறுவத்துமூணு மூட்டை, மூவாயிரத்து எழுநூத்தி எம்பது கிலோ. சிப்பம் தொண்ணூத்தஞ்சுக்கு அரை கொறச்சல். சிப்பம் ஆயிரம்னு வெச்சா தொண்ணூத்தஞ்சாயிரம். சிப்பத்துக்கு இருவது ரூவா கழிக்கணும், ஆயிரத்து தொள்ளாயிரம், தொண்ணூத்தி மூவாயிரத்து நூறு. அரை சிப்பம் நானூத்தி தொண்ணூறு போனா தொண்ணூத்தி ரெண்டாயிரத்து அறுநூத்தி பத்து." செல்லுல வந்ததும் 92,610.

பசங்க கைதட்டுனாங்க, எனக்கு அதைவிட முக்கியமா பட்டது அவரு போன வழி. 980ஐ ஆயிரம்னு வெச்சுக்கிட்டு பின்னாடி சரிபண்ணாரு, 94 அரைய 95னு வெச்சுக்கிட்டு பின்னாடி சரிபண்ணாரு, அதாவது மொதல்ல பக்கத்துல ஒரு முழு நம்பர்ல போய் நின்னுட்டு, விடை எந்த ஊர்ல இருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டு, அப்பறம் வீட்ட தேடுறாரு. அடுத்த நாள்லேர்ந்து கிளாஸ்ல ஒரு சட்டம் போட்டோம்: கணக்கு போடறதுக்கு முன்னாடி குத்துமதிப்பா ஒரு விடைய ஓரத்துல எழுதணும், அப்பறம்தான் பேனாவோ செல்லோ. ஒரு பையன் கேட்டான், "ஏஐ இருக்கேக்கா, எதுக்கு இதெல்லாம்?" நியாயமான கேள்விதான். ஆனா அதே பையன் மறுவாரம் செல்லுல ஒரு சைபர் சேத்து அடிச்சிட்டு ஒரு மா நெலத்துக்கு 90 மூட்டைன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு படிச்சான். எழுதுனது ஏஐயா இருந்தாலும் எக்செல்லா இருந்தாலும், 90 மூட்டைன்னா சிரிக்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் பக்கத்துல வேணும், சம்பளம் அந்த ஆளுக்குத்தான்.

நெலக் கணக்க சர்வேயர் அண்ணன் எடுத்துக்கிட்டாரு. நம்ம பக்கம் குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, ஆக 14,400 சதுர அடி, சென்ட்ல முப்பத்திமூணு, 20 மா ஒரு வேலி. பட்டாவுல ஹெக்டேர், ஏர்ல இருக்கும், பத்திரத்துல ஏக்கர் சென்ட், வாய்ல மா. மூணும் ஒரே வயலுக்கு. பட்டாவுல 0.40.50ன்னு பாத்துட்டு அரை ஹெக்டேருக்கு கொஞ்சம் கொறைவுன்னு ஒரு பொண்ணு கரெக்டா சொல்லிச்சு, ஆனா ஏக்கர் எவ்ளோன்னா தெரியல. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 40.5 ஏர் 4050 சதுர மீட்டர், ஒரு ஏக்கர் 4047, அட ஒரு ஏக்கர்தான்! அன்னைக்கு பாதி பேர் வீட்டுக்கு போய் சொந்த பட்டாவ எடுத்து போட்டு பாத்திருக்காங்க, ஒரு வீட்ல இதனால அண்ணன் தம்பிக்குள்ள சின்ன பேச்சுவார்த்தை ஆச்சுன்னும் கேள்வி, அதுக்குள்ள நாங்க போகல.

மருந்து, வட்டி, பில்லு

எதுலங்கற கேள்விய வேலை வேலையா எடுத்துட்டு போனோம். ட்ரோன் கத்துக்கிட்ட ஒரு பையன் இருக்கான். ஒரு மருந்து ஏக்கருக்கு 400 மில்லின்னு வெச்சுக்கோங்க. கைத்தெளிப்பான்ல ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணி, அதனால லிட்டருக்கு 2 மில்லின்னு வாய்ப்பழக்கம் ஆகிடுது. ட்ரோன்ல ஏக்கருக்கு சுமார் 10 லிட்டர்தான் தண்ணி. லிட்டருக்கு ரெண்டுன்னு அதே பழக்கத்துல ஊத்துனா 20 மில்லி, பூச்சிக்கு தலைக்கு எண்ணெய் வெச்ச மாதிரிதான். அளவு லிட்டருக்கா ஏக்கருக்கா, எதுக்கு எவ்ளோன்னு கேட்டாதான் 400ம் அந்த பத்து லிட்டர்லயே போகணும்னு புரியும். உரமும் இப்படித்தான், ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்துன்னா 60 கிலோ யூரியா இல்ல, யூரியாவுல 46 பர்சன்ட்தான் தழைச்சத்து, 130 கிலோ வேணும், மூட்டை 45 கிலோங்கறதால கிட்டத்தட்ட மூணு மூட்டை. உரக்கடைல நிக்கிற பையன் இத சொல்லத் தெரிஞ்சவனா இருந்தா அவன் கடைக்கே கூட்டம் வரும்.

டேலி படிக்கிற பொண்ணுங்களுக்கு ஜிஎஸ்டி. வரியோட சேத்து பில்லு 1180, வரி 18 பர்சன்ட், வரி எவ்ளோ? 212 ரூபா 40 பைசான்னு வந்துச்சு. 1180ல 18 இல்ல, வரிக்கு முன்னாடி இருந்த 1000ல 18, அதனால 180. சாஃப்ட்வேர் தானா போட்டுடும்தான், ஆனா கடைக்காரர் கையால எழுதுன பில்ல கொண்டாந்து கொடுக்கும்போது எந்த கட்டத்துல எந்த நம்பர அடிக்கணும்னு ஆளுதானே முடிவு பண்ணணும்.

வட்டிதான் இருக்கறதுலயே சூடான பாடம், ஏன்னா வீட்ல இருக்கற சங்கடம் அது. நூத்துக்கு ரெண்டுன்னா மாசத்துக்கு ரெண்டு, வருஷத்துக்கு 24 பர்சன்ட், இது தெரியும். ஆனா ஒரு லட்சம் கடன், வருஷ வட்டி 12 பர்சன்ட் ஃபிளாட், பன்னெண்டு மாசத்துல கட்டணும்னு ஒரு நோட்டீஸ். மாசம் 9,333. பாத்தா 12தானேன்னு தோணும். ஆறு மாசம் கழிச்சு கிட்டத்தட்ட பாதி அசல் திருப்பிக் கொடுத்தாச்சு, ஆனா வட்டி இன்னும் முழு லட்சத்துக்கும் போட்டுக்கிட்டே இருக்கான். எதுல 12? நம்ம கையில இல்லாத பணத்துக்கும் சேத்து. குறையுற பாக்கிக்கு கணக்கு பாத்தா வருஷத்துக்கு 21 பர்சன்ட்டுக்கு மேல வருது. இத மாசம் மாசமா ஷீட்ல போட்டு காட்டுனப்ப பசங்களே ஃபார்முலா எழுதுனாங்க, பாக்கிய கழி, அடுத்த வரிக்கு இழு, அவ்ளோதான், எக்செல்லுன்னு தனியா கிளாஸ் எடுக்க வேண்டிய அவசியமே வரல. மைக்ரோ ஃபைனான்ஸ்ல ஃபீல்டு ஆபீசரா போகப்போற பையனும் அங்க ஒக்காந்திருந்தான், கடன் வாங்குன அம்மாவோட பொண்ணும் அதே பெஞ்சுல.

மேட்டூர்

அடுக்குக்குறி, பெரிய எண்கள்னா ஒரே அலர்ஜி. அதுக்கு மேட்டூர விட்டா வேற வழி இல்ல. டிவில தெனம் கனஅடி, டிஎம்சின்னு ஓடுது, ஒரு புள்ளைக்கும் அது ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு தெரியாது. ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி. விநாடிக்கு 12,000 கனஅடி தொறந்தா, ஒரு நாளைக்கு 86,400 விநாடி, பெருக்கிப் பாருங்க, 103 கோடியே 68 லட்சம். அதாவது 12,000 கனஅடி ஒரு நாள் ஓடுனா ஒரு டிஎம்சிக்கு மேல சொச்சம். அணையோட முழு கொள்ளளவு 93.47 டிஎம்சி, 120 அடி. மேலேர்ந்து சொட்டு தண்ணி வராம 12,000 கனஅடியவே விட்டுக்கிட்டு இருந்தா 90 நாள்.

"குறுவைக்கே நூத்திப்பத்து நாளு வேணுமே"ன்னுச்சு எட்டாவது பொண்ணு ஒண்ணு.

இதுக்கப்பறம் நான் பேசவே இல்ல. அப்ப மேட்டூர வழக்கமா தொறக்குற ஜூன் 12 ஏன் முக்கியம், கர்நாடகா தண்ணி வரலன்னா என்ன ஆகும், குறுவைக்கு அடுத்து நடுற தாளடி ஏன் விட்டுப்போச்சுன்னு அவங்களே போட்டி போட்டு பேசிக்கிட்டாங்க. அந்த வருஷம் ஜூன் 12க்கு அணைல தண்ணி போதாம தொறக்கல, ஜூலை கடைசிலதான் தொறந்தாங்க, ஏன்னு விளக்க நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டி வரல. பத்து அடுக்கு ஒம்போதுன்னு போர்டுல எழுதுனா தூங்குற கிளாஸ் இது.

வேலைக்கு ஆகாதது

யூட்யூப் ஷார்ட்கட் சுத்தமா ஆகல. ரெண்டு செகண்ட்ல விடைன்னு பசங்களே கொண்டு வந்தாங்க, கேள்விய லேசா திருப்புனா எந்த ஷார்ட்கட்னு தேடறதுக்கே ரெண்டு நிமிஷம் ஆச்சு. குரூப் 4 பொண்ணுங்களுக்கு மட்டும், புரிஞ்ச பிறகு வேகத்துக்கு கொஞ்சம் ஒத்தாசையா இருந்துச்சு.

ஜனவரி, பிப்ரவரி மொத்தமும் போச்சு. சம்பா அறுப்பு, மிஷின் வந்து நின்னா ராத்திரி எந்நேரம்னு இல்ல, பசங்க களத்துல நெல்லுக்கு காவல், டிபிசி வாசல்ல அப்பாவோட கூட ஒக்காந்திருக்கணும், அது முடிஞ்சதும் பத்தாவது பரீட்சை. பெத்தவங்க பக்கம் வேற அழுத்தம், "இதெல்லாம் பரீட்சைல வருமாம்மா"ன்னு. வராதுன்னு சொன்னா புள்ளைய நிறுத்திடுவாங்க, வரும்னு சொன்னா பொய். கடைசி ரெண்டு மாசம் நாங்களும் தொடுகோடும் வரைபடமும்தான் போட்டுக்கிட்டு இருந்தோம், வேற வழி தெரியல.

டிசம்பர் 22 கணித தினத்துக்கு கும்பகோணத்துல ராமானுஜன் வீட்டுக்கு கூட்டிட்டு போனோம், சாரங்கபாணி சன்னதி தெரு. போட்டோ எடுத்தாங்க, சந்தோஷமா வந்தாங்க. நம்ம மண்ணுல பொறந்த மேதைன்னு பேசறதுல எனக்கு பெரிய நம்பிக்கை இல்ல, அவரு பொறந்தது ஈரோட்ல, அது கெடக்கட்டும், ஒரு மேதைய காட்டுனா சாதா புள்ளைக்கு தனக்கு வராதுங்கற எண்ணம்தான் கெட்டியாகும். ஆனா ஒரு தகவல் பசங்கள புடிச்சிக்கிச்சு, அவ்ளோ பெரிய ஆளு 1912ல சென்னை துறைமுக ஆபீஸ்ல மாசம் 30 ரூபாய்க்கு கிளார்க் வேலைக்கு போனாருங்கறது. "அவருக்கே வேலை தேட வேண்டி வந்துச்சா"ன்னு ஐடிஐ பையன் ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டு வந்தான்.

நேரமும் வேலையும் பாடம் இன்னும் எங்களுக்கு கைக்கு வரல. பத்து பேர் ஆறு நாள்ல முடிக்கிற நடவ பதினஞ்சு பேர் எத்தன நாள்லன்னு கேட்டா, நாலுன்னு சொல்லாம சண்டைக்கு வர்றாங்க. "பதினஞ்சு பேர் வந்தா பேச்சுதான் ஓடும்", "நாத்து பறிச்சுப்போட ஆள் வேணாமா", "அறுவது பேர விட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடுமா, வயல்ல எடம் வேணாமா". எல்லாமே உண்மை, அதான் கஷ்டம். நெச வாழ்க்கைலேர்ந்து கணக்கு எடுன்னு நாங்கதான் பழக்குனோம், இப்ப பரீட்சைக் கணக்குல வர்ற ஆளுங்க எல்லாம் ஒரே வேகம், டீ குடிக்க மாட்டாங்க, மழை பெய்யாதுன்னு நம்ப வைக்கிறது பெரிய பாடா இருக்கு.

இப்ப எங்க நிக்கிறாங்க

ஏப்ரல்ல அதே மொத பேப்பர திருப்பி கொடுத்தோம், நம்பர மட்டும் மாத்தி. தசமத்துல தப்பு கிட்டத்தட்ட இல்ல. சதவீதத்த திருப்பிக் கேக்குற கணக்கு பாதிக்கு மேல வந்துச்சு, அதுல பல பேர் ஓரத்துல பட்டை வரைஞ்சிருந்தாங்க, சொல்லாமயே. விகிதம் சுமார். வேகம் இன்னும் இல்ல, எல்லாரும் யோசிச்சு யோசிச்சு போடுறாங்க, பரீட்சை ஹால்ல அது அடி வாங்கும்னு தெரியும், ஆனா தப்பு விடைய வேகமா போடறத விட இது மேல்னு எனக்கு படுது, சர்வேயர் அண்ணன் ஒத்துக்க மாட்டாரு.

0.15 பையன் வேற ஒரு கம்பெனில எழுத்து தேர்வு தாண்டி இப்ப அப்ரண்டிஸ். கூட போன இன்னொருத்தன் தாண்டல, சிங்கப்பூர் வேலைக்கு போறதுக்கான ஸ்கில் டெஸ்டுக்கு பணம் பெரட்டிக்கிட்டு இருக்கான். குரூப் 4 எழுதுன பொண்ணுங்கள்ல ஒருத்திக்கு கணக்குல இருபதுக்கு மேல சரி, பொது அறிவுல விட்டுடுச்சு, மறுபடி எழுதப்போகுது. ஈரப்பதக் கணக்குல காஞ்ச எடைன்னு சொன்ன ஒம்போதாவது பொண்ணு பிளஸ் ஒன்ல கணக்கு குரூப் எடுக்கலாமா வேணாமான்னு வீட்ல பேச்சு நடக்குது, பக்கத்து ஊர் ஸ்கூல்ல அந்த குரூப் இல்ல, பஸ்ஸு மாறி போகணும், பொட்டப்புள்ளைய அவ்ளோ தூரமாங்கறாங்க. அவங்க அப்பாகிட்ட ரெண்டு வாட்டி பேசிட்டேன்.

2025 ஜூன்லேர்ந்து பத்தாவத எடுக்கறதில்லன்னு முடிவு, ஆறாவது ஏழாவதுதான், பத்தாவது புள்ளைங்க வந்தா பெஞ்சுல ஒக்காந்து சின்ன பசங்களுக்கு பட்டை வரைய சொல்லித்தரலாம். ஜனவரி பிப்ரவரி ரெண்டு மாசமும் வகுப்பு கிடையாது, அதுக்கு பதிலா டிபிசி வாசல்ல காத்திருக்கற நேரத்துக்கு நாலு பக்க கணக்குத்தாள் ஒண்ணு அடிச்சு கொடுக்கப்போறோம், சிப்பம், ஈரம், ஏத்துகூலி, லாரி வாடகைன்னு. ஈரப்பத மீட்டர் ஒண்ணு மில்லுலேர்ந்து இரவல் கேட்டிருக்கேன், முதலாளி பாக்கலாம்னு சொல்லியிருக்காரு.